எஞ்சினுக்கும் உண்டு இரத்த அழுத்தம்

சென்ற ஆண்டு மே மாதத்தில் ஒரு நாள், முற்பகல் பதினொரு மணி. மயிலாப்பூரிலிருந்து தியாகராய நகருக்கு என் பெரியப்பாவை அவருடைய பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் காரில் அழைத்துச் சென்றுகொண்டிருந்தேன். பனகல் பூங்காவை நெருங்கும்போது சிக்னல் விழுந்தது. வண்டியை நிறுத்தினேன். எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. அப்போது வேகமானியை ஒட்டியுள்ள சிறிய எச்சரிக்கை விளக்கு ஒன்று மினுக்மினுக்கென்று எரியத் தொடங்கியது. ஆக்சிலரேட்டரைச் சற்று மிதித்தேன்; விளக்கு அணைந்தது. காலை எடுத்தேன், மீண்டும் எரிந்தது.

அது ஆயில் அழுத்தத்தைக் காட்டும் விளக்கு. எங்கள் பகுதி மெக்கானிக்கிடம் வண்டியைக் காட்டினோம். விளக்கைப் பார்த்தார், எஞ்சின் ஓசையைச் சற்றுக் கேட்டார். “பேரிங் போயிடுச்சு சார். எஞ்சினை இறக்கிப் பிரிச்சு, கிராங்க்கை லேத்துல குடுத்து அரைக்கணும்” என்றார். அவர் சொன்ன செலவு என் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டியது. “இவ்வளவு செலவு செய்வதற்குக் காயலான் கடையில் போட்டுவிடலாம்” என்றார் வீட்டில் ஒருவர். பெரியப்பா ஒன்றும் பேசவில்லை. 1969ஆம் ஆண்டிலிருந்து அவரிடம் இருக்கும் கார் அது.

மெக்கானிக் சொன்னது சரிதானா? எஞ்சினைத் திறக்காமலே அதைக் கண்டறிய முடியுமா? முடியும். அதற்கு வேண்டியதெல்லாம் ஓர் அழுத்தமானியும், பட்ட வகுப்பு மாணவர் படிக்கும் பாய்ம இயற்பியலும்தான். அந்தக் கதையை இங்கே காண்போம்.

நம் ஊரில் பிறந்த கார்

முதலில் இந்தக் காரைப் பற்றி ஓரிரு சொற்கள். இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரில் 1959இல் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்ட் காரின் வடிவத்தை அமைத்தவர் ஜியோவன்னி மிக்கெலோட்டி என்னும் இத்தாலியர். அதை உரிமம் பெற்று, 1961 முதல் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்ற பெயரில் சென்னையிலேயே தயாரித்தது ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம். தொழிற்சாலை வண்டலூர்ப் பக்கம் இருந்தது. கல்கத்தாவின் அம்பாசடருக்கும் பம்பாயின் ஃபியட்டுக்கும் நடுவே, “நம்ம ஊர்க் கார்” என்று சென்னைவாசிகள் சொல்லிக்கொள்ள ஒன்று இருந்தது.

இதன் எஞ்சின் நான்கு சிலிண்டர்களும் 948 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் கொண்டது. முன்பக்க மூடி முழுவதுமாக முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும். எஞ்சினின் இரு பக்கங்களும் கைக்கு எட்டும்படி வெட்டவெளியாகத் தெரியும். நோய் அறிய விரும்புகிறவனுக்கு இதைவிட வசதியான நோயாளி கிடையாது.

ஆயிலின் வேலை என்ன?

மாட்டுவண்டியின் அச்சுக்கு மை போடுவதை நம்மில் மூத்தவர்கள் பார்த்திருப்பார்கள். மை வற்றினால் சக்கரம் கிறீச்சிடும்; அச்சு தேயும். காரின் எஞ்சினிலும் இதே கதைதான். ஆனால் வேகம் மிக அதிகம். பிஸ்டன்கள் மேலும் கீழும் இயங்குவதைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் என்னும் தண்டு நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுழல்கிறது. ஹெரால்ட் எஞ்சினில் அதை மூன்று முதன்மைப் பேரிங்குகள் தாங்குகின்றன. நான்கு கனெக்டிங் ராடுகளும் நான்கு பேரிங்குகள் மூலம் அதைப் பற்றிக்கொண்டிருக்கின்றன. இவை சைக்கிளில் உள்ளவை போன்ற குண்டு பேரிங்குகள் அல்ல. மென்மையான உலோகம் பூசிய, அரைவட்டமான இரண்டு எஃகு ஓடுகள், அவ்வளவுதான். தண்டுக்கும் ஓட்டுக்கும் இடையே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் நான்கைந்து பங்கு. நம் தலைமயிரின் பருமனைவிடக் குறைவு. அந்த இடைவெளியை நிரப்பி நிற்பதுதான் ஆயில்.

எஞ்சினின் அடியில் உள்ள தொட்டியில் சுமார் 4 லிட்டர் ஆயில் இருக்கும். அதற்கு ‘சம்ப்’ என்று பெயர். சென்னை வீடுகளில் தரைக்கடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியையும் நாம் சம்ப் என்றுதானே சொல்கிறோம்? பெயர் மட்டுமன்று, ஏற்பாடும் ஒன்றே. சம்பில் உள்ளதை ஒரு பம்ப் உறிஞ்சுகிறது. வடிகட்டியின் வழியே முதன்மைக் குழாய்க்கு அனுப்புகிறது. அங்கிருந்து கிளைகள் பிரிந்து ஒவ்வொரு பேரிங்குக்கும் செல்கின்றன. பேரிங்கின் ஓரங்களில் கசிந்த ஆயில் மீண்டும் சம்பிலேயே விழுகிறது.

முளையைத் தள்ளிய எண்ணெய்

தண்டைத் தூக்கி நிறுத்துவது பம்ப் தரும் அழுத்தம் என்று பலரும் எண்ணுகிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணியிருந்தேன். உண்மை வேறு. அது வெளிப்பட்ட விதம் சுவையானது.

1883ஆம் ஆண்டு. பீச்சம் டவர் என்னும் ஆங்கிலப் பொறியாளர் இரயில் வண்டி அச்சுகளின் பேரிங்குகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். அச்சின் அடிப்பகுதி எண்ணெயில் தோய்ந்தபடி சுழன்றது. மேலே அமர்ந்திருந்த பேரிங்கில், எண்ணெய் ஊற்றுவதற்காக அவர் ஒரு துளை இட்டார். அச்சு சுழன்றதும், ஊற்றவேண்டிய துளையிலிருந்து எண்ணெய் மேலே பொங்கி வழிந்தது! தக்கையை வைத்து அடைத்தார். எண்ணெய் தக்கையைத் தள்ளியது. மரமுளை அடித்தார்; அதுவும் மெல்ல மெல்ல வெளியேறியது. பிறகு அங்கே ஓர் அழுத்தமானியைப் பொருத்தினார். பேரிங்கின் மீதிருந்த சுமை சராசரியாகச் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டுதான். ஆனால் மானியின் முள் அதன் எல்லையான 200ஐயும் தாண்டப் பார்த்தது.

அங்கே பம்ப் எதுவும் இல்லை. பின் அழுத்தம் எங்கிருந்து வந்தது? மான்செஸ்டரில் பேராசிரியராக இருந்த ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1886இல் விடை தந்தார். சுழலும் தண்டு பேரிங்கின் நட்டநடுவில் நிற்பதில்லை. சற்று ஒதுங்கி நிற்கிறது. ஆகவே இடைவெளி ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் குறுகியும் ஆப்பு வடிவில் அமைகிறது. தண்டு தன்னோடு ஒட்டிய எண்ணெயை அந்த ஆப்பின் குறுகிய முனைக்குள் இழுத்துச் செல்கிறது. நெருக்கப்பட்ட எண்ணெயில் பேரழுத்தம் எழுகிறது. அது தண்டைத் தூக்கி நிறுத்துகிறது. மழைக்காலத்தில் நீர் தேங்கிய சாலையில் வேகமாகச் செல்லும் கார் நீர்ப்படலத்தின் மேல் ஏறிச் சறுக்குகிறதே, அதுவும் இதே ஆப்பின் வேலைதான்.

கார் எஞ்சினின் பேரிங்குகளில் இவ்வாறு எழும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஆயிரக்கணக்கான பவுண்டு. பம்ப் தருவதோ 40, 50 பவுண்டு. அப்படியானால் பம்ப் எதற்கு? பேரிங்கின் ஓரங்களில் ஓயாமல் கசியும் ஆயிலை ஈடுசெய்யவும், அங்கே பிறக்கும் வெப்பத்தை அடித்துச் செல்லவும். படலத்தை உண்டாக்குவது தண்டு. அதற்கு வேண்டிய ஆயிலைக் கொண்டுவந்து தருவது பம்ப்.

அழுத்தம் எப்படிப் பிறக்கிறது?

இப்போது முக்கியமான செய்திக்கு வருவோம். பம்ப் நேரடியாக அழுத்தத்தைத் தருவதில்லை. அது ஆயிலை ஓடச் செய்கிறது. அந்த ஓட்டத்துக்கு எதிர்ப்பு இருந்தால்தான் அழுத்தம் உண்டாகும்.

வீட்டு மோட்டாரில் ஒரு நீண்ட குழாயைப் பொருத்தித் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிறோம் என்று கொள்வோம். குழாயின் வாய் திறந்திருந்தால் தண்ணீர் சொளசொளவென்று விழும். கட்டைவிரலால் வாயை அடைத்துப் பாருங்கள். தண்ணீர் பீறிட்டு மாடிவரை பாயும். மோட்டார் அதேதான். மாறியது வாயின் இடைவெளி. நாம் பள்ளியில் படித்த ஓமின் விதியை நினைவுகூர்ந்தால் இது எளிதில் விளங்கும். மின்னழுத்தம் என்பது மின்னோட்டத்தையும் மின்தடையையும் பெருக்கி வருவது. அதுபோல ஆயில் அழுத்தம் என்பது ஆயில் ஓட்டத்தையும் அதற்குள்ள தடையையும் பெருக்கி வருவது. மருத்துவர் கையில் பட்டை சுற்றி அளக்கும் இரத்த அழுத்தமும் இப்படித்தான்: இதயம் தள்ளும் இரத்தம் ஒருபுறம், நாளங்களின் தடை மறுபுறம்.

தடையைத் தீர்மானிப்பவை இரண்டு.

முதலாவது, ஆயிலின் பாகுநிலை, அதாவது கெட்டித்தன்மை. கல்லூரி ஆய்வுக்கூடத்தில் உயரமான சாடியில் விளக்கெண்ணெயை நிரப்பி, எஃகுக் குண்டுகளை விழவிட்டு இதை அளக்கிறோம். விளக்கெண்ணெயின் பாகுநிலை 20 பாகை செல்சியசில் ஏறத்தாழ 10 பாய்ஸ். 30 பாகையில் 4.5 பாய்ஸ், 40 பாகையில் 2.3 பாய்ஸ். பத்துப் பத்துப் பாகைக்குப் பாதிக்குப் பாதியாகக் குறைகிறது. எஞ்சின் ஆயிலும் இப்படித்தான். நம் ஊரில் பழைய கார்களுக்குப் பெரும்பாலும் ஊற்றும் 20டபிள்யூ-50 ரக ஆயிலின் பாகுநிலை, 40 பாகையில் இருப்பதைவிட 100 பாகையில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்காகிவிடுகிறது. எனவே காலையில் வண்டியைக் கிளப்பியதும் அழுத்தம் மிகுந்தும், மே மாத வெயிலில் நெரிசலில் நின்று நின்று ஊர்ந்தபின் குறைந்தும் இருப்பது இயல்பு.

இரண்டாவது, பேரிங்கின் இடைவெளி. ஒரு குறுகிய இடுக்கின் வழியே கசியும் பாய்மத்தின் அளவு, அந்த இடுக்கின் அகலத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். இடைவெளி இரு மடங்கானால் கசிவு இரு மடங்காகாது; 2 × 2 × 2, அதாவது எட்டு மடங்காகும். 0.04 மில்லிமீட்டர் இடைவெளி தேய்ந்து 0.06 மில்லிமீட்டர் ஆனாலே கசிவு ஏறத்தாழ 3.4 மடங்கு. தேய்ந்த எஞ்சினில் அழுத்தம் திடீரென விழுவதன் காரணம் இந்த மும்மடிதான்.

சிக்னலில் மட்டும் விளக்கு எரிந்ததன் காரணமும் இப்போது புரியும். இந்த எஞ்சினில் பம்ப், கிராங்க்கின் பாதி வேகத்தில் சுழல்கிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும்போது பம்ப் தரும் ஆயிலில், 800 சுற்றில் கால் பங்குக்குச் சற்று மேல்தான் கிடைக்கும். ஓட்டம் குறைவு, தடையும் குறைவு, இரண்டையும் பெருக்கினால் வருவது மிகக் குறைவு. சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 5 பவுண்டுக்குக் கீழே இறங்கியதும் விளக்கு எரிகிறது.

நான் செய்த தவறு

இவ்வளவும் தெரிந்த நான் என்ன செய்தேன் தெரியுமா? அளக்கவே இல்லை. அழுத்தம் குறைவு என்றால் தடையைக் கூட்டவேண்டும். ஆயிலைக் கெட்டியாக்கினால் தடை கூடும் என்று கணக்குப் போட்டேன். பழைய ஆயிலை வடித்துவிட்டு, இன்னும் கெட்டியான ரகத்தை ஊற்றினேன். விளக்கு அணைந்தது. பெருமிதத்தோடு வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன்.

மூன்று வாரம் சென்றது. லஸ் முனையில் மீண்டும் விளக்கு எரிந்தது.

அன்று மாலை பெரியப்பா டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு எடுத்துப் பார்த்தார். மேல் குறியைத் தாண்டி ஒரு விரற்கடை உயரத்துக்கு ஆயில் ஏறியிருந்தது. “ஏன்டா, வண்டி ஆயில் குடிக்கும், தெரியும். வண்டி ஆயில் சுரக்குமா?” என்று கேட்டார். குச்சியை முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். பெட்ரோல் வாடை.

அப்போதுதான் என் தவறு எனக்கு உறைத்தது. முன்பு நான் ஒரே நேரத்தில் இரண்டை மாற்றியிருந்தேன். கெட்டியான ஆயிலை ஊற்றினேன். கூடவே, எதுவோ கலந்து கெட்டிருந்த பழைய ஆயிலையும் அகற்றினேன். பலன் கிடைத்ததும் அதை முதல் மாற்றத்தின் கணக்கில் எழுதிக்கொண்டேன். ஒரு சோதனையில் ஒன்றை மட்டுமே மாற்றவேண்டும் என்று ஆண்டுதோறும் மாணவர்களுக்குச் சொல்லும் பாடத்தை, எழுபது வயதைக் கடந்த, இயற்பியல் படிக்காத ஒருவர் எனக்கு நினைவூட்ட வேண்டியிருந்தது.

முறைப்படி நோய் அறிதல்

அதன்பின் முறையாகத் தொடங்கினேன். செலவில்லாத சோதனை முதலில், எஞ்சினைத் திறக்கும் சோதனை கடைசியில். பழைய கார் வைத்திருக்கும் எவருக்கும் இந்த வரிசை பயன்படும்.

முதற்படி: சாட்சி உண்மை சொல்கிறதா? எச்சரிக்கை விளக்கின் கம்பி, எஞ்சினில் திருகப்பட்ட ஒரு சுவிட்சுக்குச் செல்கிறது. அழுத்தம் இல்லாதபோது சுவிட்ச் மூடி விளக்கு எரியும். எஞ்சினை நிறுத்தி, சாவியை மட்டும் திருப்பி, அந்தக் கம்பியைச் சுவிட்சிலிருந்து கழற்றிப் பாருங்கள். விளக்கு அணையவேண்டும். அணையாவிட்டால் கம்பியின் உறை தேய்ந்து வண்டியின் உடலில் எங்கோ பட்டுக்கொண்டிருக்கிறது. அணைந்தால் கம்பி குற்றமற்றது. அடுத்து, சுவிட்சைக் கழற்றிவிட்டு அந்தத் துளையில் ஓர் அழுத்தமானியைப் பொருத்தவேண்டும். நான் ஜி.பி. ரோட்டில் ஒரு மானியை வாங்கி, மரை பொருந்தாததால் ஓர் இணைப்பை லேத்தில் கடைந்து வாங்கினேன்.

இந்த மானிக்குள் இருப்பது 1849இல் பிரான்சு நாட்டு யூஜின் போர்டான் கண்டுபிடித்த வளைந்த குழாய். அறுபத்துமூவர் விழாக் கடைகளில் குழந்தைகளுக்கு ஓர் ஊதல் விற்பார்கள். ஊதினால் சுருண்ட காகிதம் நீளும். அதே தத்துவந்தான். உள்ளே அழுத்தம் கூடினால் வளைந்த குழாய் நிமிரப் பார்க்கிறது. அதனோடு இணைந்த முள் நகர்கிறது.

எஞ்சின் நன்கு சூடேறியபின் மானி காட்டியது இதுதான்: மெதுவாக ஓடும்போது 4 பவுண்டு, நிமிடத்துக்கு 2000 சுற்றில் 22 பவுண்டு. ஆயிரம் சுற்றுக்குப் பத்துப் பவுண்டாவது வேண்டும் என்பது மெக்கானிக்குகளிடையே வழங்கும் பொதுக் கணக்கு. ஹெரால்டின் நல்ல எஞ்சினில் 2000 சுற்றில் 40க்குக் குறையாமல் எதிர்பார்க்கலாம். ஆகவே விளக்கு பொய் சொல்லவில்லை.

இரண்டாம் படி: ஆயில். அளவு குறைந்திருந்தால் வண்டி திரும்பும்போதும் பிரேக் போடும்போதும் பம்ப் காற்றை உறிஞ்சும், முள் துள்ளும். அளவு கூடியிருந்தால் வேறெதுவோ கலந்திருக்கிறது என்று பொருள். குளிர்விக்கும் நீர் கலந்தால் ஆயில் பால்காப்பியின் நிறமாகும். பெட்ரோல் கலந்தால் நிறம் அவ்வளவாக மாறாது, வாடை காட்டிக்கொடுக்கும்.

வாடை மட்டும் சான்றாகாது என்று எண்ணி, சமையலறைப் புனல் ஒன்றை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனேன். நான் ஊற்றிய அதே ரகப் புது ஆயில் 50 மில்லிலிட்டர், புனலின் வழியே வடிந்து முடிய 5 நிமிடம் 40 விநாடி ஆயிற்று. சம்பிலிருந்து எடுத்த ஆயில், அதே வெப்பநிலையில், 2 நிமிடத்துக்குள் வடிந்துவிட்டது. மூன்று வாரத்தில் ஆயிலின் பாகுநிலை மூன்றில் ஒரு பங்காகியிருந்தது! மாணவர்கள் இதை விளக்கெண்ணெயைக் கொண்டு வீட்டிலேயே செய்து பார்க்கலாம்: ஒருமுறை சாதாரண வெப்பநிலையில், மறுமுறை கிண்ணத்தை வெந்நீரில் வைத்துச் சூடாக்கியபின். பெட்ரோல் கலந்த ஆயிலை மட்டும் அடுப்போ தீக்குச்சியோ உள்ள இடத்துக்குக் கொண்டுபோகவே கூடாது.

மூன்றாம் படி: அழுத்தம் தணிக்கும் வால்வு. குளிர்ந்த, கெட்டியான ஆயிலால் அழுத்தம் எல்லை மீறாமல் காக்க, வில்சுருள் அழுத்திய ஒரு சிறு வால்வு உண்டு. அழுத்தம் மிகுந்தால் அது திறந்து ஆயிலைச் சம்புக்கே திருப்பி அனுப்பும். அதில் ஒரு துணுக்குத் தூசி சிக்கி மூடாமல் நின்றுவிட்டால், குளிர்ந்த நிலையிலும் சூடான நிலையிலும், எந்த வேகத்திலும் அழுத்தம் ஏறாது. வெளியிலிருந்தே கழற்றித் துடைக்கக்கூடிய பாகம் இது. எங்கள் வண்டியில் குளிர்ந்த நிலையில் அழுத்தம் 55 பவுண்டு வரை ஏறியது. எனவே வால்வும் பம்பும் பெரும்பாலும் நலமே என்று முடிவு செய்தேன்.

நான்காம் படி: பம்பும் அதன் உறிஞ்சு குழாயில் உள்ள சல்லடையும். இதற்குச் சம்பைக் கழற்றவேண்டும். சல்லடை அடைத்திருந்தால் வேகம் கூடக் கூட அழுத்தம் தடுமாறும். பம்ப் தேய்ந்திருந்தால் எல்லா நிலையிலும் அழுத்தம் தளர்ந்திருக்கும்.

ஐந்தாம் படி: பேரிங்குகள். மேற்சொன்ன நான்கும் சரியாக இருந்து, புத்தம்புது ஆயிலிலும் சூடேறியதும் அழுத்தம் விழுந்து, எஞ்சினின் அடிவயிற்றிலிருந்து ‘டொக் டொக்’ என்றோ கடகடவென்றோ ஓசையும் வந்தால், அப்போது மெக்கானிக் சொல்வதே சரி. எஞ்சினை இறக்கத்தான் வேண்டும்.

அழுத்தம் மிகுதியாக இருந்தால் மகிழலாமா? அதுவும் கூடாது. ஆயில் அளவுக்கு மீறிக் கெட்டியாக இருக்கலாம். தணிக்கும் வால்வு மூடியபடியே இறுகியிருக்கலாம். மானிக்கு அப்பால் ஏதேனும் கிளைக்குழாய் அடைத்திருக்கலாம். கடைசியாகச் சொன்னதில் மானி உயர்ந்து நிற்கும். பேரிங்கோ ஆயிலின்றி வாடும். இரத்த அழுத்தத்தைப் போலவே இங்கும் மிகையும் குறையும் நோய்தான்.

பெட்ரோல் எங்கிருந்து வந்தது?

எங்கள் தேடல் இரண்டாம் படியிலேயே நின்றுவிட்டது. ஆயிலில் பெட்ரோல் கலக்கிறது, எந்த வழியாக?

ஹெரால்டின் பெட்ரோல் பம்ப், எஞ்சினின் பக்கவாட்டில் திருகப்பட்டது. உள்ளிருந்து ஒரு நெம்புகோல் அசைய, ரப்பர் பூசிய துணியாலான ஒரு சவ்வு மேலும் கீழும் அசைந்து பெட்ரோலை இழுத்துத் தள்ளுகிறது. சவ்வுக்கு மேலே பெட்ரோல். கீழே எஞ்சினின் உள்ளறை. நடுவில் உள்ளது அந்தச் சவ்வு ஒன்றே. இரண்டு போல்ட்டுகளைக் கழற்றிப் பம்பை வெளியே எடுத்துப் பிரித்தோம். சவ்வில் விரல்நகம் அளவுக்கு ஒரு கிழிசல். ஒவ்வோர் அசைவிலும் சில துளிகள் வீதம் பெட்ரோல் சம்புக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

சவ்வு கிழிய முதுமை ஒன்றே போதும். இக்காலத்தில் மற்றொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. 2023 முதல் நம் நாட்டில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் படிப்படியாக விற்பனைக்கு வந்து, 2025இல் நாடளாவிய கலப்பு அந்த அளவை எட்டியது. அறுபதுகளில் பயன்பட்ட சில ரப்பர் வகைகள் எத்தனாலில் ஊறி உப்பிப் பின் வெடிக்கக்கூடியவை. பழைய கார் வைத்திருப்போர், பெட்ரோல் குழாய்களையும் சவ்வுகளையும் எத்தனாலைத் தாங்கும் ரப்பரால் ஆனவையாக மாற்றிவிடுவது நல்லது. சம்பில் பெட்ரோல் சேர்வது பேரிங்குக்கு மட்டும் கேடன்று; உள்ளறையில் பெட்ரோல் ஆவி நிறைந்தால் தீவிபத்துக்கும் இடமுண்டு. டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாடை வந்தால் அந்த ஆயிலை வடிக்கும்வரை எஞ்சினைக் கிளப்பாதீர்கள்.

புதிய சவ்வு பொருத்தினோம். ஆயிலையும் வடிகட்டியையும் மாற்றினோம். இம்முறை கெட்டியான ரகத்தை நாடாமல் பழைய 20டபிள்யூ-50 ஆயிலையே ஊற்றினேன். எஞ்சினை நன்கு சூடேற்றி மானியைப் பார்த்தோம். மெதுவாக ஓடும்போது 18 பவுண்டு. 2000 சுற்றில் 42. நூறு கிலோமீட்டர் ஓட்டியபின் மறுபடி அளந்தோம். முள் அதே இடத்தில் நின்றது. டிப்ஸ்டிக்கில் ஆயில் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பேரிங்குகள் புதியவை என்று சொல்லமாட்டேன். அரை நூற்றாண்டுக்கு மேல் உழைத்தவை அவை. ஆனால் இன்னும் உழைக்கக்கூடியவை.

மெக்கானிக்கைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. பழைய வண்டியில் ஆயில் அழுத்தம் குறைந்தால், பத்துக்குப் பல தடவை பேரிங் தேய்வே காரணமாக இருக்கும். அவர் தம் அனுபவத்தைக் கொண்டு ஊகித்தார். நான் என் படிப்பைக் கொண்டு ஊகித்தேன். இருவருமே அளக்கவில்லை. மானியைக் கொண்டுபோய் அவரிடம் காட்டியபோது வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதை இங்க வச்சிட்டுப் போங்க சார், இன்னொரு வண்டிக்குப் பாத்துட்டுத் தரேன்” என்றார். இரண்டு வாரம் கழித்துத்தான் அது என் கைக்குத் திரும்பியது.

இப்போது அந்த மானி ஹெரால்டிலேயே நிலையாக இருக்கிறது. மாதம் ஒருமுறை, எஞ்சின் சூடேறியபின், இரண்டு வேகங்களில் அழுத்தத்தை ஒரு நோட்டில் தேதியோடு குறித்து வைக்கிறோம். ஒரு நாளின் அளவு அவ்வளவாகப் பேசாது. பல மாத அளவுகளை வரைபடமாக வரைந்தால் எஞ்சின் முதுமையடையும் வேகம் தெரியும். விளக்கு எரியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் விடியற்காலையில் பெரியப்பாவும் நானும் அடையாறு பாலத்தைத் தாண்டி எலியட்ஸ் கடற்கரை வரை போய்வருகிறோம். சிக்னலில் வண்டி நிற்கும்போதெல்லாம் அவர் சாலையைப் பார்ப்பதில்லை, முள்ளைத்தான் பார்க்கிறார். “பதினெட்டு” என்கிறார். பச்சை விழுந்ததும் புறப்படுகிறோம்.